உருகுவே நாட்டுக் கடவுச்சீட்டும் நாட்டினமும்

கடவுச்சீட்டு ஒருவரை அயல்நாட்டின் வாயில்வரை கொண்டுசெல்லும் ஒரு சிறு நூலாகும். அதிற் பொறிக்கப்படும் விவரங்களுள் நாட்டினம் என்னும் ஒன்றே அவ்வாயில் திறக்குமோ திறவாதோ என்பதைப் பெரும்பாலும் முடிவுசெய்கின்றது. ஆயின், நாட்டினமும் பிரசாவுரிமையும் ஒன்றா, வேறா? இவ்வினா ஏட்டளவில் நில்லாது மக்களின் பயணத்தையே தடுத்தமைக்குத் தென்னமெரிக்காவிலுள்ள உருகுவே நாடு தக்க சான்றாகும்.

பிரேசிலுக்கும் ஆர்ஜென்ரீனாவுக்கும் இடையே அமைந்த இச்சிறு நாட்டில் ஏறத்தாழ 35 இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். இதன் 1967ஆம் ஆண்டு அரசியலமைப்புப் பிரசைகளை இரு வகையாகப் பகுக்கின்றது. அந்நாட்டிற் பிறந்தோரும், பிறநாட்டிற் பிறந்து பெற்றோர் வழியாக உரிமை பெற்றோரும் இயற்கைப் பிரசைகள். வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறி உரிமை பெற்றோர் சட்டப் பிரசைகள். குடும்பத்தோடு வாழ்வோர் மூன்றாண்டும், ஏனையோர் ஐந்தாண்டும் அங்கு வசித்திருத்தல் வேண்டும். இவர்கள் வாக்களிப்பர்; வரி செலுத்துவர்; உருகுவேக் கடவுச்சீட்டும் பெறுவர்.

எனினும், பிரசாவுரிமையைச் சட்டம் வழங்கலாம், நாட்டினமோ பிறப்பாலும் வழியாலுமே வரும் என்னும் கொள்கை அந்நாட்டில் நெடுங்காலம் நிலவிற்று. அதனால் சட்டப் பிரசையின் சீட்டில் நாட்டினம் என்ற இடத்தில் அவர் பிறந்த நாட்டின் மூன்றெழுத்துக் குறியீடே அச்சிடப்பட்டது. கியூபாவிற் பிறந்த ஒருவரின் சீட்டை வழங்கியது உருகுவே; அதே சீட்டு அவரது நாட்டினம் கியூபா என்றது.

இதன் விளைவு யாது? உருகுவே நாட்டினர் ஐரோப்பாவின் செங்கன் நாடுகளுக்குள் விசாவின்றிச் சென்று, 180 நாட்களுள் 90 நாட்கள் தங்கலாம். கியூபா நாட்டினருக்கோ விசா வேண்டும். எல்லையிலுள்ள பொறி சீட்டின் அடியிலுள்ள இரு வரிகளைப் படித்து, அங்குள்ள குறியீட்டையே நம்பும். அனுமதி மறுக்கப்பட்ட பயணியைத் திருப்பி அழைத்துச்செல்லும் பொறுப்பு விமான நிறுவனத்தைச் சாரும். ஆகவே அந்நிறுவனங்கள் ஐயத்துக்குரியவரை ஏற்றத் தயங்கும். பழைய நாட்டின் உரிமையை இழந்துவிட்டவர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. தமக்கில்லாத நாட்டினமொன்றை அவர் கையில் ஏந்தித் திரியவேண்டியவராயினார்.

2025 ஏப்ரலில் அரசு புதிய சீட்டை வெளியிட்டது. அதில் இருவகைப் பிரசைகளுக்கும் உருகுவேயின் குறியீடே இடப்பட்டது. பிறந்த இடம் நீக்கப்பட்டது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனத்தின் விதிகளின்படி பிறந்த இடம் கட்டாயமானதன்று. ஆயினும் யேர்மனி முதலிய சில நாடுகள் அச்சீட்டை ஏற்கத் தயங்கின. ஒரு சாராரின் குறையை நீக்க முயன்றபோது மறுசாராரும் இடர்ப்பட்டனர். எனவே பிறந்த இடத்தை மீண்டும் சேர்க்க அவ்வாண்டிலேயே அரசு தீர்மானித்தது.

இங்கு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. மாற்றம் பெற்றது சீட்டேயன்றி அரசியலமைப்பன்று. இருவகைப் பிரசைகள் என்னும் பாகுபாடு அதில் அவ்வாறே உள்ளது. ஒருவனைத் தன் பிரசையாக ஏற்கும் நாடு, பிறநாட்டார் முன்னிலையிலும் அவனைத் தன்னவன் என்று கூறுதல் வேண்டும். வீட்டினுள் மகன் என்று அழைத்து, வாயிலில் விருந்தினன் என்று அறிமுகஞ் செய்வது உறவாகாது.