மருத்துவ நுழைவுத் தேர்வு: கல்லூரியில் சேர்ந்த பிறகு எப்போது எழுதுவது?

வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் மேற்கே போனால் அரியூரில் ஒரு மருத்துவக் கல்லூரி. கிழக்கே நகரை நோக்கி வந்தால் கதிர்காமத்தில் 2010இல் தொடங்கிய இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி. அதைத் தாண்டினால் கோரிமேட்டில் ஜிப்மர். தெற்கே பாகூர்ப் பக்கம் பிள்ளையார்குப்பத்திலும் கிருமாம்பாக்கத்திலும் இன்னும் இரண்டு. நாற்று நடும் வயலில் நின்றபடியே கல்லூரிக் கட்டடத்தைப் பார்த்துவிடலாம். உள்ளே போவதுதான் பெரும்பாடு.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மே மாதத்தில் நீட் தேர்வு எழுதி, இடம் கிடைக்காமல், கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்துவிட்ட ஒரு மாணவியை எண்ணிப் பாருங்கள். பேருந்தில் தினமும் கல்லூரிக்குப் போய் வருகிறாள். 'மறுபடியும் எழுதுகிறாயா? எப்போது?' என்று வீட்டில் கேட்கிறார்கள். கல்லூரியை விட்டுவிட்டு ஓராண்டு வீட்டிலிருந்து படிப்பதா, முதலாண்டு படித்துக்கொண்டே எழுதுவதா, பட்டம் பெற்ற பிறகு பார்த்துக்கொள்வதா? அந்த மாணவி நீங்களாகவோ உங்கள் தங்கையாகவோ இருந்தால் இக்கட்டுரை உங்களுக்கே.

முதலில் விதிகளைப் பார்த்துவிடுவோம். சேரும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் நாளுக்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். மேல் வயது வரம்பு 2022இல் நீக்கப்பட்டது. இத்தனை முறைதான் எழுதலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை. ஓராண்டு பெற்ற மதிப்பெண் அந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டுமே செல்லும். ஆகவே 'எப்போது' என்பதை விதி முடிவு செய்து தராது; நாமேதான் செய்ய வேண்டும்.

'ஒரு வருடம் விட்டால் படித்ததெல்லாம் மறந்துபோகுமே' என்பது பலருடைய அச்சம். மறதியை முதன்முதலில் அளந்து பார்த்தவர் ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, சில நாள் கழித்து அவற்றைத் திரும்பக் கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். 1885இல் அவர் வெளியிட்ட முடிவின்படி, ஒரு நாள் கழித்து மிஞ்சியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு. சரிவு முதல் நாளில்தான் செங்குத்து, பிறகு மெதுவானது. பொருளற்ற அசைகளுக்கே இப்படியென்றால், பொருள் புரிந்து படித்த பாடம் இன்னும் கூடுதலாகவே தங்கும். மறந்த பாடத்தைத் திரும்பக் கற்பது புதிதாகக் கற்பதைவிட எளிது என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. ஆகவே மறதியை எண்ணி மட்டும் கல்லூரியை விட வேண்டியதில்லை.

எப்படித் திரும்பக் கற்பது என்பதும் முக்கியம். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டனர். ஒரு பகுதியைச் சிலர் திரும்பத் திரும்பப் படித்தார்கள். வேறு சிலர் ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களே முந்தினர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டனர். மாலையில் ஒரு மணி நேரமே கிடைக்கும் கல்லூரி மாணவிக்கு இது பெரிய செய்தி அல்லவா?

இனி, பலரும் ஏமாறும் இடத்துக்கு வருவோம். 2025இல் நீட் தேர்வில் 180 வினாக்கள், சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறானால் 1 குறையும், மொத்தம் 720. ஒரு மாதிரித் தேர்வில் நம் மாணவிக்கு 60 வினாக்களுக்கு விடை உறுதியாகத் தெரியும் என்று கொள்வோம்: 240 மதிப்பெண். 40 வினாக்களில் இரண்டு விடைகளை நீக்கிவிட்டாள். மீதி இரண்டில் எது என்று தெரியவில்லை, ஒன்றைக் குறிக்கிறாள். மற்ற 80 வினாக்களைத் தொடவில்லை.

அந்த 40 வினாக்களின் கதி என்ன? ஒரு நாணயத்தை 40 முறை சுண்டிப் பாருங்கள். சராசரியாக 20 முறை தலை விழ வேண்டும். ஆனால் ஒருமுறை 17 விழும், மறுமுறை 23 விழும். தலையைச் சரியான விடை என்று கொண்டால் 17 தலைக்கு 45 மதிப்பெண், 20க்கு 60, 23க்கு 75. இதன் திட்டவிலக்கம் சுமார் 16 மதிப்பெண். மாணவி ஒரு வரிகூடப் புதிதாகப் படிக்காமலே இன்று 285, அடுத்த ஞாயிறு 315 வாங்கக்கூடும். இரண்டு மாதிரித் தேர்வுகளை ஒப்பிட்டால் 30 அல்லது அதற்கு மேற்பட்ட உயர்வு வெறும் அதிர்ஷ்டத்தாலேயே பத்தில் ஒரு முறை வந்துவிடும். அதை நம்பி, 'பெண் தேறிவிட்டாள், இன்னும் ஓராண்டு போதும்' என்று நகையை அடகு வைத்துப் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுவோர் உண்டு. ஒருமுறை குறைந்ததற்காக மனமொடிந்து விலகுவோரும் உண்டு. இரண்டும் நாணயத்தின் வேலை.

மாற்று வழி எளியது. நான்கு மாதிரித் தேர்வுகளின் சராசரியை எடுத்து, இரண்டு மாதம் கழித்து மற்றொரு நான்கின் சராசரியோடு ஒப்பிடுங்கள். அப்போது 30 மதிப்பெண் உயர்வு அதிர்ஷ்டத்தால் மட்டும் வருவது நூறில் ஒரு முறைகூட நேராது. வந்தால், உண்மையாகவே கற்றிருக்கிறீர்கள். எட்டு வினாத்தாள்களும் ஏறத்தாழ ஒரே கடினமுடையவையாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. வீட்டில் எழுதும்போதும் பிற்பகல் 2 முதல் 5 வரை, நடுவில் எழுந்திருக்காமல் எழுதுங்கள். 2025இல் தேர்வு நடந்த நேரம் அதுவே. சித்திரை வெயிலில் அந்த நேரத்துத் தூக்கமும் ஒரு பாடம்தான்.

'போன வருஷம் இத்தனை மதிப்பெண்ணுக்கு இடம் கிடைத்தது' என்ற பேச்சையும் அப்படியே கொள்ளாதீர்கள். தேர்ச்சி எல்லை நூற்றுமானத்தால் குறிக்கப்படுகிறது. பொதுப் பிரிவினர் 50ஆவது நூற்றுமானத்தில், அதாவது எழுதியவர்களில் மேல் பாதியில், இருக்க வேண்டும். அந்த எல்லை 2022இல் 117 மதிப்பெண், 2023இல் 137, 2024இல் திருத்திய முடிவின்படி 162, 2025இல் வினாத்தாள் கடினமானதால் 144. எல்லையைத் தொடுவது வேறு, இடம் கிடைப்பது வேறு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2025இல் எழுதியவர்கள் 22 இலட்சத்துக்கும் மேல். ஆகவே மதிப்பெண்ணை விட்டுத் தரவரிசையைப் பாருங்கள்.

எப்போது எழுதுவது? பட்டப்படிப்பின் முதலாண்டு மே மாதமே ஏற்றது என்பது என் கருத்து. காரணம் பாடத்தில் இருக்கிறது. 180 வினாக்களில் உயிரியல் 90, இயற்பியல் 45, வேதியியல் 45. விலங்கியல் மாணவி கல்லூரியில் இயற்பியலைத் தொடுவதே இல்லை. இயற்பியல் மாணவனோ பாதி வினாத்தாளான உயிரியலை விட்டுவிடுகிறான். மூன்றாம் ஆண்டுக்குள் இந்தப் பள்ளம் ஆழமாகிவிடும். அன்றியும் 2024–25 முதல் புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு மத்தியப் பாடத்திட்டத்தில் நடக்கிறது. தமிழகப் பாடத்திட்டத்தில் அதற்கு முன்பு முடித்தவர்கள் மத்தியப் பாடநூல்களையும் ஒருமுறை முழுதாகப் பார்க்க வேண்டும்.

முதலாண்டிலும் ஒரு இடைஞ்சல் உண்டு. 2023, 2024, 2025 மூன்று ஆண்டுகளிலும் நீட் மே முதல் ஞாயிறன்று நடந்தது. கல்லூரியின் இரண்டாம் பருவத் தேர்வும் அதை ஒட்டியே வரும். எனவே ஜூலையிலேயே தொடங்கி, நவம்பருக்குள் முதல் நான்கு மாதிரித் தேர்வுகளையும் ஜனவரி இறுதிக்குள் அடுத்த நான்கையும் எழுதி முடித்துவிடுங்கள். 2025இல் விண்ணப்பம் பிப்ரவரி 7 முதல் மார்ச் 7 வரை பெறப்பட்டது. அந்தச் சமயத்தில் இரண்டு சராசரிகளும் கையில் இருக்கும். உயர்ந்திருந்தால் முழு மூச்சாக இறங்கலாம். அசையாமல் நின்றால், விண்ணப்பித்து எழுதினாலும் பருவத் தேர்வைப் பலியிட வேண்டாம். மறு ஆண்டுக்காகக் கல்லூரியை விடவும் வேண்டாம். எந்த உயர்வு வந்தால் தொடர்வது என்பதை ஜூலையிலேயே ஒரு தாளில் எழுதி அப்பா அம்மாவிடம் கொடுத்துவிடுவது நல்லது. பிப்ரவரியில் நம் மனம் நமக்கே வக்கீலாகிவிடும்.

தமிழில் எழுதத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வாசகமே முடிவானது. ஆகவே மாதிரித் தேர்விலேயே இரண்டையும் பார்த்துப் பழகுங்கள்.

புதுச்சேரி மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு 'சென்டாக்' அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 10 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2023இல் நடைமுறைக்கு வந்தது. ஜிப்மர் இடங்களோ, 2020 முதல் நீட் மதிப்பெண்ணைக் கொண்டு டெல்லியிலுள்ள மத்தியக் கலந்தாய்வுக் குழுவின் வழியே நிரப்பப்படுகின்றன. அதற்குத் தனியே பதிய வேண்டும். ஒன்றுக்குப் பதிந்துவிட்டு மற்றொன்றை மறந்துவிடாதீர்கள். கல்லூரியில் சேரும்போது மாற்றுச் சான்றிதழைக் கொடுக்கும் முன் நகல்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடியிருப்புச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் வில்லியனூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் மே மாதத்தில் போய் நிற்காமல் டிசம்பர் விடுமுறையிலேயே மனுக் கொடுத்துவிடுங்கள்.