ஈழத்திற் பட்ட கொடும்பாளூர் வேள்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், புதுக்கோட்டை மாவட்டத்திலே கொடும்பாளூர் என்னும் சிற்றூர் உள்ளது. கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைப் படித்தோர் அதனை வானதி பிறந்த ஊராக அறிவர். என் நெஞ்சில் அவ்வூர் நிற்பதற்குக் காரணம் வேறு. அவ்வூர் வேளிருள் ஒருவன் உயிர்விட்டது நமது ஈழத்து மண்ணில்.

சோணாட்டிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழி கொடும்பாளூரருகே மூன்றாகப் பிரிவதைச் சிலப்பதிகாரம் கூறுகின்றது. வழிகள் கூடுமிடம் வணிகருக்கு நன்மை தருவது. படைகளும் அவ்வழியாலேயே வரும். வடக்கே சோழர், தெற்கே பாண்டியர் என இரு வேந்தரிடையே கிடந்த இச்சிறு நாட்டை இருக்குவேளிர் ஆண்டனர். தனித்து நிற்க இயலாத நாடு எவரையேனும் சார்ந்தே தீரவேண்டும். வேளிர் சோழரைச் சார்ந்தனர்.

அச்சார்பை மணவுறவு உறுதிப்படுத்திற்று. சோழர்குலப் பெண் அனுபமா கொடும்பாளூருக்கு மருமகளாக வந்தாள். வேளிர்குலப் பெண் பூதி ஆதித்த பிடாரி, முதலாம் பராந்தகனின் மைந்தன் அரிகுலகேசரியை மணந்தாள். பெண் கொடுத்து உறவாகிய குலம், போர் வந்தபோது ஆண்மக்களையும் கொடுக்க வேண்டியதாயிற்று.

அவ்வாறு வந்தவனே பராந்தகன் சிறியவேளான். அவன் பெயரிலேயே சோழ வேந்தனின் பெயர் கலந்திருத்தல் காண்க. சுந்தர சோழனின் 9ஆம் ஆட்சியாண்டில் அவன் ஈழப்போரில் மாண்டான். நான்காம் மகிந்தன் காலத்தில் நாகதீபத்துக்கு வந்த வல்லவனின் படையைச் சேனாபதி சேனன் எதிர்கொண்டதாகச் சூளவம்சம் கூறும். அறிஞர் சிலர் இவ்விரு செய்திகளையும் இணைத்து நோக்குவர். நாகதீபம் என்பது நமது யாழ்ப்பாணக் குடாநாடே.

993 அளவில் இராசராசனின் படை அநுராதபுரத்தை வீழ்த்திற்று. வெற்றிப்புகழ் பேரரசனைச் சேர்ந்தது. அவன் காலத்துக்குப் பின் குறுநில மன்னரின் செல்வாக்கும் குன்றிற்று. எனினும், அவனது 27ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று சிறியவேளானின் சாவைக் குறித்து வைத்துள்ளது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்தும் அவனை நினைத்தோர் இருந்தனர்.

பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும், கற்றளி, வரகுணை என்னும் தன் தேவியர் பெயராலும் எடுப்பித்த மூவர் கோயிலின் முன்னே நான் நின்றேன். மூன்றனுள் இரண்டே எஞ்சியுள்ளன. மற்றொன்றன் அடித்தளம் மட்டும் கிடக்கின்றது. குலவரலாறு கூறும் வடமொழிக் கல்வெட்டின் தொடக்கமும் அழிந்துவிட்டது.

நமது பள்ளிகளில் ‘சோழர் படையெடுப்பு’ என்று ஒரே சொல்லாற் கற்பிக்கின்றோம். அப்படையில் இத்தகைய சிறு நாடுகளின் மைந்தர் வந்தனர், சிலர் திரும்பவில்லை. அடுத்த முறை அப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் கொடும்பாளூரின் பெயரையும் ஒருமுறை சொல்வாராக.