முதல் கவளத்தோடு எடுக்க வேண்டிய மருந்து

நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்களிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் குறை இது: “மருந்தைத் தவறாமல் எடுக்கிறேன், டாக்டர். ஆனாலும் எடை கூடவில்லை. மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கிறது.” எப்போது எடுக்கிறீர்கள் என்று வினவினால், “சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து” என்பார்கள். பெரும்பாலும் அங்கேதான் பிழை நேர்கிறது.

அந்தக் கேப்சூலில் இருப்பவை நொதிகள். உயிரணுக்களில் உருவாகும் இவை பெரும்பாலும் புரதங்களே. வேதிவினைகளைப் பன்மடங்கு விரைவுபடுத்துபவை. ஒவ்வொரு நொதியும் தனக்குரிய பொருளின் மீது மட்டுமே வினைபுரியும். கணையம் சுரக்கும் லைப்பேஸ் கொழுப்பையும், அமைலேஸ் மாவுச்சத்தையும், புரோட்டியேஸ் புரதத்தையும் சிதைக்கின்றன. லைப்பேஸ் குறைந்தால் அதன் பணியை மற்றவை ஏற்க இயலாது. கொழுப்பு செரிக்காமல் வெளியேறும். அதில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் அதனுடன் வீணாகும்.

நொதி, உணவோடு கலந்தால்தான் அதைச் சிதைக்க முடியும். ஆகவே முதல் கவளத்தோடு கேப்சூலை விழுங்குங்கள். ஒரு வேளைக்கு ஒன்றுக்கு மேல் பரிந்துரைத்திருந்தால், மீதியை உணவின் இடையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரைப்பை அமிலத்தில் லைப்பேஸ் செயலிழந்துவிடும். அதனால் கேப்சூலுக்குள் உள்ள குருணைகளுக்கு அமிலத்தில் கரையாத பூச்சு இடப்பட்டுள்ளது. அமிலத்தன்மை குறைந்த சிறுகுடலை அடைந்த பின்னரே அது கரையும். குருணைகளை மென்றாலோ பொடித்தாலோ அந்தக் காப்பு அழிந்துவிடும். விழுங்க இயலாதவர்களுக்குக் கொடுக்கும் முறையை எங்களிடம் கேட்டறியுங்கள்.

வெப்பமும் நொதிக்குப் பகை. வெந்த முட்டையின் வெள்ளைக்கரு பழைய நிலைக்குத் திரும்பாதது போல, சூட்டில் உருக்குலைந்த நொதியும் மீள்வதில்லை. சூடான கஞ்சியில் மருந்தைக் கலக்காதீர்கள், அடுப்பருகே வைக்காதீர்கள்.

வினையின்போது நொதி தீர்ந்துபோவதில்லை என்றால், ஒவ்வொரு வேளையும் ஏன் எடுக்க வேண்டும்? நொதியும் உணவோடு குடலில் நகர்கிறது; புரதமாதலால் வழியில் தானும் செரிக்கப்படுகிறது. காலையில் எடுத்தது மதிய உணவுக்கு உதவாது.

இம்மருந்து பன்றியின் கணையத்திலிருந்து பெறப்படுகிறது. அதில் தயக்கம் இருந்தால், மருந்தை நிறுத்திவிடாமல் எங்களிடம் மனம்விட்டுப் பேசுங்கள். அளவை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அடுத்த முறை வரும்போது, என்ன உண்டீர்கள், மருந்தை எப்போது எடுத்தீர்கள் என்று மூன்று நாள்களுக்குக் குறித்து வாருங்கள். சரியான அளவை முடிவுசெய்ய அந்தக் குறிப்பு எங்களுக்குப் பெரிதும் உதவும்.