தூர் பெயர்த்தல்

வீட்டு மனையில் நெடுங்காலம் நின்ற மரமொன்றை வெட்டச் செய்பவர், கிளை கழித்து அடிமரம் சாய்ந்து விறகெல்லாம் வண்டியேறிப் போனதும், காரியம் முடிந்ததென்று கருதிக் கூலியைக் கொடுத்து ஆட்களை அனுப்பிவிடுகிறார். தரையோடு தரையாய் எஞ்சியிருக்கும் அடிக்கட்டையும், அதன் கீழே கண்ணுக்குப் புலப்படாமல் பரந்து கிடக்கும் வேர்த்தொகுதியும், மரத்தை வீழ்த்தியதைக் காட்டிலும் அதிகப் பிரயாசையைக் கேட்பன என்பது, அவ்விடத்தில் ஓர் அறை எழுப்பவோ மதிற்சுவருக்கு அஸ்திவாரம் பறிக்கவோ முற்படும் நாளில்தான் அவருக்குத் தெரிய வருகிறது. தூர் பெயர்த்தல் என்று நாட்டுப்புறத்தார் சொல்லும் இவ்வேலை தேகபலத்தால் மட்டும் ஆவதன்று. மரம் இன்னது, மண் இன்னது, அவ்விடம் பின்னர் எதற்கு வேண்டியிருக்கிறது என்ற மூன்றையும் ஆலோசித்து, மரம் நிற்கும்போதே உபாயத்தை நிச்சயித்துக்கொள்பவருக்குப் பாதிச் சிரமம் குறைந்துவிடுகிறது.

முதலில் மரத்தின் ஜாதியைப் பார்க்க வேண்டும். வேம்பு, புளி, மா, பூவரசு முதலிய இருவித்திலைத் தாவரங்களின் வேர்கள், அடிமரத்தைப் போலவே ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே போகும் சுபாவமுடையவை. ஆழச் செல்லும் ஆணிவேரே மரத்தைத் தாங்குகிறது என்பது பொதுவான எண்ணமாயினும், முதிர்ந்த மரத்தைப் பெரும்பாலும் பிடித்து நிறுத்துபவை மேல்மண்ணில் நாற்புறமும் ஓடும் பக்கவேர்களே. இவற்றுள் பெரும்பகுதி இரண்டு மூன்று அடி ஆழத்திற்குள் அடங்கி, கிளைகளின் நிழல் விழும் எல்லைக்கு அப்பாலும் பரவியிருக்கும். தென்னையும் பனையுமோ ஒருவித்திலை இனத்தைச் சேர்ந்தவை. அவற்றுக்கு ஆணிவேர் நிலைப்பதுமில்லை, வேர் பருப்பதுமில்லை. தென்னையின் அடியிலிருந்து ஆயிரக்கணக்கில் புறப்படும் வேர்களில் எதுவும் விரற்கனத்திற்கு மேல் போவதில்லையாகையால், சுற்றிலும் பள்ளம் பறித்துக் கடப்பாறையால் அவற்றைக் குத்தி அறுத்துவிட்டால், பெருத்த கட்டையும் அசைந்து கொடுத்துவிடும்.

மறுபடியும் துளிர்க்கும் சக்தியிலும் இவ்விரு இனங்களுக்கும் பேதமுண்டு. தென்னைக்கும் பனைக்கும் உயிர்நிலை உச்சிக்குருத்து ஒன்றே. அது போனால் அடிக்கட்டை செத்துப் போகும். வேம்பும் புளியும் அப்படியல்ல. வெட்டுண்ட கட்டையின் பட்டைக்கடியில் உறங்கிக் கிடக்கும் மொட்டுகள், வேர்களில் சேமித்து வைத்த மாவுப்பொருளை உண்டு விழித்துக்கொள்கின்றன. சீமைக் கருவேலத்தைத் தரைமட்டத்தில் எத்தனை முறை வெட்டினாலும் முன்னிலும் அடர்த்தியாகத் தழைப்பது யாவரும் அறிந்ததே. அதன் துளிர்மொட்டுகள் வேரும் தண்டும் கூடுமிடத்தில் இருப்பதால், மண்ணுக்குள் ஓர் அடி ஆழத்தில் ஆணிவேரை வெட்டி, அந்த முடிச்சை முழுவதும் வெளியே எடுத்தாலொழிய அது ஒழியாது.

மரத்தை எந்த உயரத்தில் வெட்டுவது என்பது அடுத்த கேள்வி. புளியின் அடித்துண்டு இறைச்சிக் கடைக்கு வெட்டுக்கட்டையாகப் போகத்தக்கது என்பதால், வியாபாரி தரையை ஒட்ட அறுத்துக்கொண்டு போவதையே விரும்புவார். தூரையும் பெயர்க்க எண்ணும் வீட்டுக்காரர் அதற்கு இசையலாகாது. மார்பளவு உயரத்திற்குத் தண்டை விட்டுவைத்தால் அதுவே நெம்புகோலாகி, அதன் தலைப்பில் கயிறு கட்டி இழுப்பவரின் பலத்தைப் பன்மடங்காக்கி வேர்களின்மேல் செலுத்தும். தரைமட்டமாக வெட்டப்பட்ட கட்டையிலோ பிடிப்பதற்கே இடமிராது.

கைவேலையாகவே பெயர்ப்பதாயின், முந்தின நாள் நீர் பாய்ச்சி மண்ணை இளக்கிக்கொள்வது வழக்கம். கட்டையிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி வட்டமாகக் குழி பறித்து உள்நோக்கி வரும்போது, பக்கவேர்கள் ஒவ்வொன்றாக வெளிப்படும். அனுபவமுள்ள ஆள் வேரைக் கண்டதும் கோடாரியை ஓங்குவதில்லை. வேரின் கீழ்ப்புறத்து மண்ணையும் சுரண்டியெடுத்து, ஒரு குடம் நீரை ஊற்றி வேரைக் கழுவுகிறார். ஏனெனில், பட்டையில் ஒட்டிய மணலும் சிறுகல்லும் இரண்டு வெட்டுக்குள் கோடாரியின் வாயை மழுங்கச் செய்துவிடும். பின்னர் கட்டையோரம் ஒன்றும் குழியின் வெளிவிளிம்பில் ஒன்றுமாக, ஒரே வேரை இரண்டிடங்களில் வெட்டி, நடுத்துண்டை அப்புறப்படுத்துகிறார். அடுத்த வேருக்குக் கையோங்க அதனால் இடம் கிடைக்கிறது. பக்கவேர்கள் யாவும் அற்றபின் ஒருபுறமாகக் கட்டையைச் சாய்த்தால், அடியில் ஆணிவேர் இருக்குமாயின் அதுவும் தென்படும். இவ்விடத்தில் மனித பலம் போதாதபோது, பல்சக்கரங்களும் சங்கிலியும் கொண்ட செயின் பிளாக்கை, அசையாத பிறிதொன்றில் பூட்டி இழுக்கலாம். இழுவையிலிருக்கும் சங்கிலி அறுந்தால் சுழன்றடிக்குமாகையால், அதன் நேர்க்கோட்டில் ஒருவரும் நிற்கலாகாது.

இக்காலத்தில் பலரும் முதலில் நினைப்பது ஜேசிபியையே. இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பேம்ஃபோர்டு என்பவர் 1945-ல் தொடங்கிய நிறுவனம் 1953-ல் முன்புறம் மண்வாரியும் பின்புறம் தோண்டும் கையுமாக ஒரு யந்திரத்தை உருவாக்கிற்று. 1979-ல் அந்நிறுவனம் இந்தியாவிலும் காலூன்றியது. திறந்த மனையில் அந்த யந்திரத்தின் இரும்புக் கை கட்டையைச் சுற்றித் தோண்டி, வேர்களைப் பிய்த்து, தூரை அடியோடு புரட்டிவிடும். ஆயினும் வீட்டுச் சுவரை அடுத்து நிற்கும் தூரை அவ்வாறு நெம்புவது ஆபத்து. அஸ்திவாரத்துக்கடியில் புகுந்த வேர் எழும்பும்போது கட்டடத்தையும் குடிநீர்க் குழாயையும் சேர்த்தே அசைத்துவிடக்கூடும். சுவர்ப்பக்கத்து வேர்களை முன்னதாகக் கையால் அறுத்துவிட்ட பிறகே யந்திரத்தை அழைக்க வேண்டும்.

பெயர்க்காமலே அரைத்துத் தீர்க்கும் யந்திரமும் உண்டு. அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்து வெர்மீர் நிறுவனம் 1957-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த வகையைச் சேர்ந்த இதில், டங்ஸ்டன் கார்பைடு பற்கள் பதித்த சக்கரமொன்று வேகமாய்ச் சுழன்றவண்ணம் கட்டையின்மேல் இடமும் வலமுமாக ஊசலாடி, அதைச் சிராய்த் தூளாக்கிக்கொண்டே தரைக்குக் கீழே அரை அடி, ஓர் அடி வரை இறங்குகிறது. சுவருக்கு அதிர்ச்சியில்லை, பெரும்பள்ளமும் விழுவதில்லை. ஆனால் வேர்கள் மண்ணுக்குள்ளேயே தங்கி மெல்ல மக்க வேண்டியவை. சிதறும் கற்களுக்கு அஞ்ச வேண்டும். மின்கம்பியும் குழாயும் அடியில் செல்கின்றனவா என்று விசாரித்துக்கொள்ளவும் வேண்டும்.

புயலில் வேரோடு சாய்ந்த மரம் தனி எச்சரிக்கைக்குரியது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் வீழ்த்திச் சென்றவற்றில் அத்தகைய மரங்களும் அநேகம். மண்ணோடு செங்குத்தாய் எழுந்து நிற்கும் வேர்த்தட்டு, சாய்ந்த தண்டின் பாரத்தாலேயே அந்நிலையில் இருப்பது. தண்டை அறுத்துப் பாரத்தை நீக்கிய கணமே, அது திடீரென்று பின்னோக்கி விழுந்து குழியை மூடிக்கொள்ளும். குழிக்குள் ஒருவரும், விசேஷமாகக் குழந்தைகள், இறங்கவில்லையென்று உறுதி செய்துகொண்டு, வேர்த்தட்டுக்கு முட்டுக்கொடுத்த பின்னரே ரம்பத்தைத் தொடவேண்டும்.

அவசரமில்லாத இடத்தில் கட்டையை மக்கவிடுவதும் ஒரு மார்க்கமே. மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னினைச் சிதைக்கும் சாமர்த்தியம் முக்கியமாகச் சிலவகைப் பூஞ்சைகளுக்கே உண்டு. அவற்றுக்கு ஈரமும் காற்றும் நைட்ரஜனும் தேவை. மரத்தில் நைட்ரஜன் மிகச் சொற்பமாகையால், கட்டையில் ஆழத் துளையிட்டு, நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜனுள்ள யூரியாவைச் சிறிது இட்டு, மண்ணாலும் சருகாலும் மூடி ஈரம் காப்பது அச்சிதைவைத் துரிதப்படுத்தும் உபாயம். அப்படியும் ஆண்டுகள் செல்லும். உப்பைக் கொட்டுவோர் கட்டையை மக்கச் செய்வதற்குப் பதிலாக மண்ணையே கெடுக்கிறார்கள். வீட்டை ஒட்டிய கட்டையை மக்கவிட்டால் கறையானுக்கு விருந்து வைத்ததாகும். தென்னந்தோப்பிலோ, அழுகும் தென்னங்கட்டை காண்டாமிருக வண்டு முட்டையிடும் இடமாகிறது. புழு வளர்ந்து வண்டானதும் அருகிலுள்ள மரத்தின் விரியாத குருத்தைத் துளைக்கிறது. பின்னர் விரியும் ஓலை, கத்தரியால் வெட்டியது போன்ற வடிவத்தில் அதன் வேலையைக் காட்டிக்கொடுக்கும்.

தூர் வெளிவந்த பின்னரும் குழியைச் செவ்வனே மூடும் கடமை மிஞ்சுகிறது. கட்டட மனைகளில் வேர்களைத் தரைமட்டத்திற்குக் கீழ் 60 செ.மீ. வரையேனும் அகற்றவேண்டும் என்பது மத்தியப் பொதுப்பணித் துறையின் விதி. குழியை ஒரேயடியாக மண் தள்ளி மூடாமல், 20 செ.மீ. அடுக்குகளாக இட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்துத் திமிசுக்கட்டையால் இறுக்க வேண்டும். உள்ளே விடப்பட்ட வேரும் மரத்தூளும் மக்கி வற்றும்போது மேல்தளம் அமிழ்ந்து வெடிப்பு காண்பது, இவ்விதியைப் பொருட்படுத்தாத இடங்களிலேதான். கரிசல் மண்ணில் இன்னொரு நிதானமும் வேண்டும். பெருமரம் இத்தனை காலம் உறிஞ்சி வந்த நீர், அது போனபின் மண்ணிலேயே தங்கிக் களியை உப்பச் செய்வதால், ஒரு மழைக்காலமேனும் கழிந்து நிலம் சமனான பிறகே அதன்மேல் கட்டடம் எழுப்புவது விவேகம். ஆகவே, வீடு கட்ட நாள் குறித்தபின் மரத்தை வெட்டுவதைவிட, மரத்தை வெட்டித் தூரெடுத்து மண்ணை ஆறவிட்ட பிறகு வீட்டுக்கு நாள் குறிப்பதே முறையாகும்.