தானியங்கி விற்பனை இயந்திரத் தொழிலில் வழக்கமாக நேரும் பிழைகள்

தானியங்கி விற்பனை இயந்திரம் என்பது, விற்பவர் அருகில் இல்லாமலேயே பணத்தைப் பெற்றுக்கொண்டு பொருளைத் தரும் கருவி. சென்னைக்கு இது புதியதன்று. ரயில் நிலைய நடைமேடைகளில் வண்ண விளக்குகள் மின்ன நின்ற எடை பார்க்கும் இயந்திரமும் இந்த வகையைச் சேர்ந்ததே. காசு போட்டால் எடையோடு, ராசிபலன் போன்ற ஒரு வரியும் அச்சிட்ட சிறு அட்டை வந்து விழும். அதில் கெட்டுப்போகும் சரக்கு கிடையாது, குளிரூட்டும் தேவை கிடையாது, விலையும் ஒன்றுதான். இன்று அலுவலகங்கள், மருத்துவமனைகள், விடுதிகளில் நிற்கும் நொறுக்குத்தீனி, குளிர்பான இயந்திரங்களுக்கு இந்த மூன்று வசதிகளில் ஒன்றுகூட இல்லை.

"ஆள் வேண்டாம், தூங்கும்போதும் வருமானம்" என்ற விளம்பரத்தை நம்பிச் சேமிப்பையோ கடனையோ போட்டு இயந்திரம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்த வேறுபாட்டில்தான் தடுக்கி விழுகிறார்கள். பெசன்ட் நகரையும் சென்னையின் பிற பகுதிகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, அந்தப் பிழைகளையும் அவற்றின் காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

விலையை உயர்த்த முடியாத கடை

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்துத் தொழில் தொடங்குவோர் கவனிக்கத் தவறும் முதல் செய்தி எம்.ஆர்.பி. எனப்படும் அதிகபட்ச சில்லறை விலை. அமெரிக்காவில் இயந்திரத்தின் உரிமையாளர் கடை விலையைவிடக் கூடுதலாக வைத்து விற்கலாம். இரவு 11 மணிக்குப் பொருள் கிடைக்கும் வசதிக்கான விலை அது. இந்தியாவில் 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகளின்படி, பொட்டலத்தில் அச்சிட்ட விலைக்கு மேல் சில்லறை வணிகர் விற்கக் கூடாது. நிறுவனத்திடம் பேசி, இயந்திரத்துக்கென்று தனியாக அதிக விலை அச்சிட்டு வாங்கவும் வழியில்லை. ஒரே மாதிரியான பொட்டலத்துக்கு இருவேறு எம்.ஆர்.பி. அச்சிடுவதற்கு 2018 ஜனவரி முதல் தடை இருக்கிறது.

உணவகங்களில் மட்டும் தண்ணீர் பாட்டிலுக்குக் கூடுதல் விலை வாங்குகிறார்களே என்று கேட்கலாம். உணவகம் பொருளை மட்டும் விற்பதில்லை, சேவையும் தருகிறது என்ற அடிப்படையில் 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடம் தந்தது. நாற்காலி, மேசை, பரிமாற ஆள் எதுவும் இல்லாத இரும்புப் பெட்டி அந்த வாதத்தைச் சொல்ல முடியாது.

ஆகவே இயந்திரத்தின் வருமானம், மொத்த விலைக்கும் எம்.ஆர்.பி.க்கும் இடையிலுள்ள சிறிய இடைவெளி மட்டுமே. மூலை மளிகைக் கடைக்காரருக்கும் அதே இடைவெளிதான். ஆனால் அவர் அதே கடையில் அரிசியும் விற்கிறார், தெரிந்தவருக்குக் கடனும் கொடுக்கிறார்.

ஒரு கணக்கு

எண்கள் இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் ஒருமுறை தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது. குளிரூட்டியோடு கூடிய இயந்திரம் 2,50,000 ரூபாய் என்றும், அது 5 ஆண்டு உழைக்கும் என்றும் கொள்வோம். வட்டியைச் சேர்க்காமலே மாதத் தேய்மானம் ஏறத்தாழ 4,170 ரூபாய். நாளுக்கு 8 யூனிட் மின்சாரம், யூனிட்டுக்கு 10 ரூபாய் என்றால் மாதம் 2,400. இட வாடகை 3,000. சரக்கு நிரப்பிச் சுத்தம் செய்பவரின் கூலியும் பெட்ரோலும் 4,000. இணைய இணைப்பு, மென்பொருள் கட்டணம் 500. காலாவதியாகிக் கழிபவை 600. மொத்தம் 14,670 ரூபாய்.

சரக்கில் சராசரி லாபம் 15 விழுக்காடு என்றால், இந்தச் செலவை ஈடுகட்டவே மாதம் சுமார் 97,800 ரூபாய்க்கு விற்க வேண்டும். சராசரி விலை 20 ரூபாய் என்று வைத்தால் நாளுக்கு 163 பொருள். நாளுக்கு 40 பொருள் விற்கும் இயந்திரம் பார்ப்பவர் கண்ணுக்குச் சுறுசுறுப்பாகத்தான் தெரியும். அதில் மாதம் கிடைக்கும் லாபம் 3,600 ரூபாய். வாடகை கொடுத்தபின் 600 மிஞ்சும். மின்கட்டணத்துக்குக் கையிலிருந்து போட வேண்டும். நிரப்பும் வேலையை உரிமையாளரே செய்தால் 4,000 ரூபாய் மிச்சம் என்று பலர் சொல்வதுண்டு. அது மிச்சமன்று, தன் உழைப்புக்குத் தானே கூலி கொடுக்காமல் இருப்பது.

இந்தக் கணக்கிலிருந்து தப்பிக்கும் இயந்திரம் ஒன்று உண்டு: தேநீர், காபி இயந்திரம். கோப்பையில் அந்த நேரத்தில் கலந்து தரும் பானம் பொட்டலப் பொருள் அன்று, அதற்கு எம்.ஆர்.பி. இல்லை. சென்னை அலுவலகங்களில் பரவலாகக் காணப்படும் இயந்திரம் இதுவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கலவைப் பொடி விற்கும் நிறுவனங்கள் இயந்திரத்தை இலவசமாகவோ குறைந்த வாடகைக்கோ தந்து, பொடியைத் தங்களிடமே வாங்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடுவது வழக்கம். பொடியின் விலை ஏறும்போது விலகிப் போக முடியாது. தினமும் குழாய்களைக் கழுவாவிட்டால் பால் பொடி படிந்து நாற்றம் வரும் என்பதும், ஃபில்டர் காபி குடித்துப் பழகியவர்கள் நிறைந்த ஊரில் இரண்டாம் முறை அந்தப் பக்கம் யாரும் வர மாட்டார்கள் என்பதும் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல.

முறுக்கு, கடலை மிட்டாய் போன்றவற்றைச் சிறு உற்பத்தியாளர்களிடம் நேரடியாக வாங்கினால் பெரிய நிறுவனப் பொருள்களைவிட லாபம் கூடும். ஆனால் பொட்டலத்தில் தயாரிப்பாளர் முகவரி, எடை, தேதி, விலை, உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இயந்திரம் வைப்பவருக்கும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பதிவோ உரிமமோ தேவை.

கூட்டம் வேறு, வாடிக்கை வேறு

பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் மாலை வேளைகளில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆகஸ்டு 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் அன்னை வேளாங்கண்ணி திருத்தல விழாவின்போது சாலைகளே நிறைந்துவிடும். இந்தக் கூட்டத்தைப் பார்த்து இயந்திரம் வைக்க நினைப்பவர், அதே கூட்டத்துக்குச் சூடான சுண்டலும் பஜ்ஜியும் சோளமும் விற்பவர்கள் அங்கேயே இருப்பதை மறந்துவிடுகிறார். கடற்கரைக்கு வந்தவர் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பிஸ்கட்டைத் தேடுவதில்லை. தவிர, நடைபாதையும் மணற்பரப்பும் பொது இடம். அங்கே எதையும் நிறுத்த மாநகராட்சியின் அனுமதி வேண்டும்.

இயந்திரத்துக்கு ஏற்ற இடம், வேறு கடைக்குப் போக வழியில்லாத மனிதர்கள் இருக்கும் இடம். இரவுப் பணிச் செவிலியர்கள், விடுதி மாணவர்கள், மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக இருப்பவர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். அலுவலக வளாகங்களும் நல்ல இடம்தான். பெசன்ட் நகரின் ராஜாஜி பவன் போன்ற அரசு அலுவலக வளாகத்தை எண்ணிப் பார்க்கும்போது, வாரத்தில் 5 நாள் வேலை, பண்டிகை விடுமுறைகள் எல்லாம் போக ஆண்டுக்கு எத்தனை நாள் விற்பனை என்பதையும் எண்ண வேண்டும். குளிரூட்டி மட்டும் 365 நாளும் ஓடும்.

கடற்கரைக்கு அருகில் இன்னொரு செலவு வரும். கடற்காற்றில் இருக்கும் உப்பு, குளிரூட்டியின் வெப்பம் வெளியேற்றும் தகடுகளையும் மின்சுற்றுப் பலகையின் இணைப்பு முனைகளையும் அரிக்கிறது. பெசன்ட் நகர் வீடுகளில் ஏ.சி.யின் வெளிப்பெட்டி எவ்வளவு விரைவில் துருப்பிடிக்கிறது என்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். கண்ணாடி முகப்பில் நேர்வெயில் பட்டால் சாக்லேட் உருகிச் சுருள்கம்பியில் ஒட்டிக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தரையோடு வைத்த இயந்திரத்துக்குள் நீர் புகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் நகரின் பல பகுதிகளில் தரைத்தளங்கள் நீரில் மூழ்கின. மேடை கட்டி வைப்பது, முறையான எர்த் இணைப்பு, மின்கசிவு நேர்ந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச் ஆகியவை இங்கே உயிர் காக்கும் விஷயங்கள். ஈரக்கையோடு தொடப்படும் இரும்புப் பெட்டி அது.

காசும் கியூஆரும்

நாணயத்தை இயந்திரம் அதன் விட்டம், தடிமன், எடை, உலோகத்தன்மை ஆகியவற்றைக் கொண்டு அடையாளம் காண்கிறது. இந்திய நாணயங்கள் இதற்கு அவ்வளவாக உதவுவதில்லை. 2011இல் வந்த 2 ரூபாய் நாணயமும் அதற்கு முன் புழங்கிய 1 ரூபாய் எஃகு நாணயமும் ஒரே விட்டம், 25 மில்லிமீட்டர். எடையும் ஒன்றே, 4.85 கிராம். 10 ரூபாய் நாணயமோ 14 வடிவமைப்புகளில் இருக்கிறது. அவை அனைத்தும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்க வேண்டியிருந்தது. அதன் பிறகும் தமிழ்நாட்டில் பல கடைகள் அதை வாங்க மறுத்துவந்தன. 2022 ஜூனில் தர்மபுரி மாவட்டத்தில் ஒருவர் 6 லட்சம் ரூபாயை 10 ரூபாய் நாணயங்களாகவே கொடுத்துக் கார் வாங்கியது செய்தியானது அந்த ஆதங்கத்தால்தான்.

நோட்டு வாங்கும் கருவிக்கும் இதே கதை. 2016 நவம்பர் பணமதிப்பு நீக்கத்துக்குப் பின் புதிய அளவுகளில் நோட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது, ஒவ்வொரு முறையும் கருவிகளைத் திருத்தியமைக்க வேண்டியதாயிற்று. சில்லறை நாணயம் வழங்கும் இயந்திரத்தை 12 நகரங்களில் சோதித்துப் பார்ப்பதாக 2023இல் அறிவித்த ரிசர்வ் வங்கியே, அதில் நோட்டு போடும் வாயை வைக்காமல் யுபிஐ கியூஆர் முறையைத்தான் தேர்ந்தெடுத்தது.

யுபிஐ வந்தபின் சில்லறைத் தொல்லை தீர்ந்தது. வேறு தொல்லை வந்தது. பணம் கணக்கிலிருந்து போய்விடும், பொட்டலம் சுருள்கம்பியில் தொங்கிக்கொண்டு நிற்கும். பொருள் விழுந்ததா என்று உணரும் கருவி இல்லாத மலிவு இயந்திரத்தில், பணம் தானாகத் திரும்பாது. 20 ரூபாய்க்காக யாரும் புகார் எழுதமாட்டார்கள் என்று எண்ணுவது தவறு. எழுதமாட்டார்கள்தான், ஆனால் அந்த அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிவிடுவார்கள். இயந்திரத்தின் முகப்பில் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணை ஒட்டி வைப்பது விளம்பரத்தைவிடப் பயனுள்ளது.

விலை மாற்றமும் கவனிக்க வேண்டியது. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட் ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 18இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. பொருளின் விலை இறங்கும்போது ஒவ்வொரு இயந்திரத்திலும் அதன் விலையை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால், எம்.ஆர்.பி.க்கு மேல் விற்ற குற்றம் உரிமையாளரைச் சேரும். விலையை மாற்றாமல் எடையை மாற்றும்போதும் தொல்லைதான்: பொட்டலத்தின் தடிமன் மாறினால் பழைய சுருள்கம்பியின் இடைவெளி பொருந்தாது.

அரசு வைத்த இயந்திரங்கள்

2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தின் தொடர்ச்சியாக, 2022 ஜூனில் கோயம்பேடு சந்தையில் மஞ்சப்பை இயந்திரம் வைக்கப்பட்டது. 10 ரூபாய் போட்டால் ஒரு துணிப்பை. தொழில்நுட்ப நோக்கில் இது எடை இயந்திரத்தின் வாரிசு: ஒரே சரக்கு, ஒரே விலை, கெட்டுப்போகாது. பிறகு கோயில்கள், பேருந்து நிலையங்கள் எனப் பரவியது. இதில் இடர் தருவது நிரப்பும் வேலை மட்டுமே. பை தீர்ந்த இயந்திரத்துக்கு முன் நிற்பவர் பக்கத்துக் கடையில் பிளாஸ்டிக் பையை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

ரயில் நிலையங்களில் 2015 வாக்கில் அறிமுகமான குடிநீர் இயந்திரங்கள் இதற்கு நேர் எதிரான பாடம். சொந்தப் பாட்டிலில் ஒரு லிட்டர் நிரப்ப 5 ரூபாய் என்ற விலை பயணிகளுக்கு நல்லது. ஆனால் அந்த 5 ரூபாயிலிருந்துதான் உரிமக் கட்டணமும் மின்சாரமும் வடிகட்டிகளும் பணியாளர் கூலியும் வர வேண்டும். பல நிலையங்களில் அந்தப் பெட்டிகள் பின்னாளில் மூடிக் கிடந்தன.

யாருக்கு விற்கிறோம் என்று இயந்திரத்துக்குத் தெரியாது என்ற சிக்கலை 2023 ஏப்ரலில் டாஸ்மாக் சந்தித்தது. சென்னை வணிக வளாகக் கடையொன்றில் மது வழங்கும் இயந்திரம் வைத்தது கண்டனத்துக்குள்ளானபோது, அது கடைக்குள்ளே, பணியாளர் முன்னிலையில்தான் இயங்குகிறது என்று விளக்கம் தர நேர்ந்தது. ஆளைக் குறைக்க வந்த இயந்திரத்துக்கு ஆள் காவல் என்றாகிவிட்டது.

கையெழுத்திடும் முன்

இயந்திரம் விற்பவர்களில் சிலர், இடமும் தாங்களே பிடித்துத் தருவதாகவும், மாதம் இவ்வளவு வருமானம் உறுதி என்றும் சொல்லிப் பணம் வாங்குவதுண்டு. இத்தகைய வாக்குறுதிகளால் ஏமாந்தோர் அமெரிக்காவிலும் ஏராளம். தொழில் வாய்ப்பை விற்பவர், பணம் வாங்கவோ ஒப்பந்தமிடவோ 7 நாள் முன்பே, வருமானம் பற்றிய தம் கூற்று உட்பட விவரங்களை எழுத்தில் தர வேண்டும் என்ற விதி அங்கே 2012 முதல் நடப்பில் உள்ளது. இங்கே அந்த எழுத்தை வாங்குபவர்தான் கேட்டுப் பெற வேண்டும். ஏற்கெனவே இயங்கும் ஓர் இயந்திரத்தின் முன் ஒரு வேலை நாளும் ஒரு விடுமுறை நாளும் முழுதாக உட்கார்ந்து எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று எண்ணுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

இடத்தின் உரிமையாளரோடு போடும் ஒப்பந்தத்தில் மின்கட்டணம் வாடகையில் அடக்கமா, தனி மீட்டரா, அதே தளத்தில் இன்னோர் இயந்திரமோ கடையோ வரலாமா, இரவிலும் விடுமுறையிலும் சரக்கு நிரப்ப உள்ளே விடுவார்களா, விற்பனை குறைந்தால் எத்தனை நாள் முன்னறிவிப்போடு இயந்திரத்தை எடுத்துக்கொண்டு போகலாம் என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். முன்னூறு கிலோ எடையுள்ள பெட்டியை லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடியிலிருந்து இறக்க நான்கு ஆளும் ஒரு வண்டியும் வேண்டியிருக்கும் என்பது, அந்த நாள் வரும்போதுதான் நினைவுக்கு வருகிறது.