‘உடம்பு ஒரு மாதிரியா இருக்கு’: அவசர சிகிச்சைப் பிரிவில் கேட்கப்படாத கேள்விகள்

எலும்பு முறிந்து வருபவருக்கு என்ன நேர்ந்தது என்பதை எக்ஸ்ரே படம் சொல்லிவிடும். வெட்டுக்காயத்தோடு வருபவருக்காக அவரது காயமே பேசும். ஆனால், "உடம்பு ஒரு மாதிரியா இருக்கு", "கிறுகிறுன்னு வருது", "வயித்தை என்னமோ பண்ணுது" என்று சொல்லிக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைபவருக்காகப் பேச எதுவும் இல்லை. அவருடைய சொல், அதைக் கேட்பவரின் பொறுமை, உடலைத் தொட்டுப் பார்க்கும் கை ஆகியவையே அங்கு முதற்கருவிகள். யாருடைய சொல்லுக்கு மதிப்பு, யாருடைய உடலைத் தொடலாம் என்பதைச் சாதி நெடுங்காலமாகத் தீர்மானித்துவரும் நாட்டில், தெளிவற்ற அறிகுறிகளோடு வரும் தலித் நோயாளிக்கு என்ன நேர்கிறது என்பதை மருத்துவத்தின் வழியாகவும் சட்டத்தின் வழியாகவும் விளக்க முற்படுகிறோம்.

குறிப்பிட்ட நோய் எதையும் சுட்டாத அறிகுறி என்பதால் அது அற்பமான அறிகுறி ஆகிவிடாது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், இத்தகைய அறிகுறிகளோடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2010இல் வெளியானது. பெரும்பாலும் முதியோரான அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு, 30 நாட்களுக்குள் தீவிரமான நோய்நிலை இருப்பது தெரியவந்தது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு, நெஞ்சுவலி இல்லாமல் வெறும் அசதியாகவோ மூச்சுத்திணறலாகவோ வரக்கூடும். சேற்றிலும் சாக்கடையிலும் நிற்பவர்களைத் தாக்கும் எலிக்காய்ச்சல் முதல் நாட்களில் சாதாரணக் காய்ச்சலாகவே தோன்றும். இவை மருத்துவ மாணவர் எவரும் படித்திருக்கக்கூடியவை. நாம் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியவை, நம் மக்களின் வாழிடத்தோடும் வேலையோடும் நேரடியாகப் பிணைந்த இரண்டு.

முதலாவது, கட்டுவிரியன் கடி. இரவில் இரை தேடும் இப்பாம்பு, தரையில் பாய் விரித்து உறங்குபவரைக் கடிக்கும்போது பெரும்பாலும் வலி தெரிவதில்லை. வீக்கம் இருப்பதில்லை. கடிவாய்கூடக் கண்ணுக்குப் புலப்படாமல் போகலாம். கடிபட்டவர் விடியற்காலையில் வயிற்றுவலியோடு எழுகிறார், வாந்தி வருகிறது, தொண்டையை ஏதோ அடைக்கிறது. பாம்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வருவதில்லை, ஏனெனில் அவர் பாம்பைப் பார்க்கவே இல்லை. வாயுத்தொல்லை என்று கருதி ஊசி போட்டு அனுப்பிவிட்டால், சில மணி நேரத்தில் இமைகள் சரியும், பேச்சு குழறும், அதன்பின் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை, கண்ணாடி விரியனின் நஞ்சைக் காட்டிக்கொடுக்கும். நரம்பைத் தாக்கும் கட்டுவிரியன் நஞ்சை அது காட்டாது. ஆகவே சோதனை முடிவு சரியாக இருக்கிறது என்பதே நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் காரணமாகிவிடக்கூடும். முழுமையாக வாதம் பரவிய நிலையில் கண்பாவை விரிந்து, அசைவற்று, மூளைச்சாவு அடைந்தவர்போல் தோன்றியவர்களும், செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு சில நாட்களில் எழுந்திருக்கிறார்கள். நேரத்தோடு கண்டறிந்தால் காப்பாற்றக்கூடிய உயிர் இது.

இந்த நோயறிதலுக்குத் தேவையான முதற்கேள்வி ஒன்றே: "நேற்று இரவு எங்கே படுத்திருந்தீர்கள்?" கட்டிலில் உறங்கி வளர்ந்தவருக்கு இக்கேள்வி இயல்பாகத் தோன்றாது. குடிசையின் மண் தரையும், செங்கல் சூளையின் தற்காலிகக் கொட்டகையும், நெற்களத்தின் ஓரமும் படுக்கையாக இருப்பவர்கள் யார் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. (நஞ்சுமுறி மருந்துக்கான நஞ்சைப் பாம்புகளிடமிருந்து எடுத்துத் தருவதில் முன்னிற்பது, 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அம்மருந்து உரிய நேரத்தில் கிடைக்காமல் குடிசைகளில் மடிவோரின் நிலையோடு இதையும் சேர்த்துச் சிந்திக்க வேண்டும்.)

இரண்டாவது, கழிவுநீர்த் தொட்டியின் நச்சுவாயு. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது; குழியின் அடியில் தேங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டையின் நாற்றம் தெரியும். அளவு கூடினால் மூக்கின் உணர்வே மரத்துப்போகும். அதாவது, நாற்றம் நின்றுவிட்டது என்று தொழிலாளி எண்ணும் கணமே ஆபத்து மிகுந்த கணமாக இருக்கலாம். அங்கேயே மயங்கி விழுந்தால் செய்தியாகிறது. விழாமல் மேலே ஏறி வந்துவிட்டவரின் கதை செய்தியாவதில்லை. அவருக்குத் தலைவலி, குமட்டல், தள்ளாட்டம், குழப்பமான பேச்சு. இந்த வாயு செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தவிடாமல் தடுக்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், உடலுக்குப் பயன்படாது. எனவே விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் நல்ல எண்ணைக் காட்டுவதை மட்டும் நம்பிவிட முடியாது. நுரையீரலில் நீர் கோத்தல் பல மணி நேரம், சில சமயம் இரண்டு மூன்று நாள் கழித்தும் வரலாம் என்பதால், அவரைக் கண்காணிப்பில் வைத்திருப்பதே உரிய சிகிச்சை முறை.

ஆனால் அவரிடம் பெரும்பாலும் கேட்கப்படும் முதற்கேள்வி வேறு: "குடிச்சிருக்கியா?"

இக்கேள்வி தவறு என்று நாம் சொல்லவில்லை. மலக்குழியின் நாற்றத்தைத் தாங்குவதற்காகக் குடித்துவிட்டு இறங்குவோர் உண்டு. அந்நிலைக்கு அவர்களைத் தள்ளியது யார் என்பது வேறு கட்டுரைக்கான பொருள். குடித்திருக்கிறார் என்ற விடையோடு விசாரணை நின்றுவிடுவதுதான் தவறு. மது வாடை வீசுபவருக்கும் தலைக்குள் இரத்தக்கசிவு இருக்கலாம், சர்க்கரை அளவு வீழ்ந்திருக்கலாம், நச்சுவாயு ஏறியிருக்கலாம். முதலில் தோன்றிய முடிவைப் பற்றிக்கொண்டு மற்றவற்றைத் தேடாமல் விடுவதை நோயறிதல் பிழைகளின் முதன்மையான காரணங்களில் ஒன்றாக மருத்துவத் துறையே ஒப்புக்கொள்கிறது. நோயாளி இன்னார் என்ற முன்முடிவு வலுவாக இருக்குமிடத்தில் இப்பிழையும் வலுவாக இருக்கும். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பின மக்களின் உடல் உயிரியல்ரீதியாகவே வேறுபட்டது என்ற பொய்யான நம்பிக்கைகளில் ஒன்றையேனும், வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் ஏற்றிருந்தனர். அத்தகையோர் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டனர். இந்தியாவில், குஜராத், ராஜஸ்தான் கிராமங்களின் தலித் குழந்தைகளை ஆய்வுசெய்த சங்கமித்ரா ஆச்சார்யா, நோயாளியைத் தொட்டுப் பார்ப்பதிலும் மருந்தைக் கையில் தருவதிலும் நிலவும் பாகுபாட்டைப் பதிவுசெய்துள்ளார். கெண்டைக்காலை அழுத்திப் பார்க்காமல் எலிக்காய்ச்சலை ஐயுற முடியாது. இமையைத் தூக்கச் சொல்லி உற்றுப் பார்க்காமல் கட்டுவிரியன் நஞ்சை அறிய முடியாது.

மருத்துவர்கள் அனைவரும் சாதி பார்த்து நோயறிகிறார்கள் என்பதல்ல நம் வாதம். இரவுப் பணியில் ஓய்வின்றி நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி மருத்துவருக்குக் கிடைப்பவை ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்களே. நேரம் சுருங்கும்போது கேள்விகள் சுருங்குகின்றன. எஞ்சும் இடத்தை முன்முடிவுகள் நிரப்புகின்றன. ஆள் பற்றாக்குறையின் சுமை எல்லா ஏழைகள்மீதும் விழுகிறது. நம்மீது இருமடங்காக விழுகிறது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1992இல் மேற்கு வங்கத்தில் இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக்கை, படுக்கை இல்லை, வசதி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அவருக்காக விவசாயத் தொழிலாளர் அமைப்பு தொடுத்த வழக்கில், உரிய நேரத்தில் அவசர சிகிச்சை தர அரசு மருத்துவமனை தவறுவது அரசமைப்பின் 21ஆம் உறுப்பை மீறுவதாகும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ, பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் மருத்துவமனைக்குள் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியுள்ளது. இரண்டும் வாசலைப் பற்றியவை. உள்ளே அனுமதித்து, மாத்திரை கொடுத்து, ஐந்து நிமிடத்தில் வெளியே அனுப்பிவிடுவதைப் பற்றி இவற்றை வைத்துப் பேசுவது எளிதன்று. அங்கே 2005ஆம் ஆண்டின் ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு குறுக்கே நிற்கும்: கணிப்பில் நேர்ந்த பிழை மட்டுமே கவனக்குறைவு ஆகாது. இது நியாயமான விதி என்றே நாம் கருதுகிறோம். ஆனால் பரிசோதித்தும் நோயைக் கண்டுபிடிக்க இயலாமல் போவதும், பரிசோதிக்காமலே விடுவதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை நீதிமன்றத்தில் நிறுவக்கூடியவை மருத்துவமனை ஆவணங்களே.

சிக்கலும் அங்குதான். நச்சுவாயு என்றோ பாம்புக்கடி என்றோ கண்டறிந்தால் அது விபத்துப் பதிவேட்டில் ஏறும். காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். "வயிற்றுவலி", "மயக்கம்" என்று எழுதினால் புறநோயாளிச் சீட்டோடு முடிந்துவிடும். "மது அருந்திய நிலை" என்று எழுதினால் ஒப்பந்தக்காரருக்கு அது கேடயமாகும். குடிபோதையே நேரடிக் காரணமான விபத்தில், மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்படாதவரை, முதலாளிக்கு இழப்பீட்டுப் பொறுப்பில்லை என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டம் முதல் தொடர்ந்துவரும் விதி. மலக்குழி மரணத்துக்கு 30 லட்ச ரூபாய், ஊனத்துக்கு அதன் தன்மையைப் பொறுத்து 10 லட்சத்துக்கோ 20 லட்சத்துக்கோ குறையாத தொகை என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அத்தொகையைப் பெறும் வழக்கின் முதல் சான்று, அந்த முதல் அரைமணி நேரத்தில் எழுதப்பட்ட ஒற்றை வரிதான்.

ஆகவே நோயாளியுடன் செல்லும் தோழர்கள், அவர் என்ன வேலை செய்தார், எங்கே, எத்தனை மணிக்கு, இரவு எங்கே உறங்கினார் என்பவற்றைத் தாங்களே முன்வந்து சொல்ல வேண்டும். அவற்றைச் சீட்டில் எழுதும்படி கேட்க வேண்டும். குழிக்குள் உடன் இறங்கியவர் இருந்தால் அவரையும் அழைத்துச் சென்று பரிசோதிக்கச் செய்ய வேண்டும். வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னால், எந்த அறிகுறி தோன்றினால் திரும்பி வர வேண்டும் என்பதை எழுதித் தரச் சொல்ல வேண்டும். சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவரது அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். அரசு மருத்துவமனையாயின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழும் விண்ணப்பிக்கலாம். உயிர் தொடர்பான தகவலுக்கு அங்கே கெடு 48 மணி நேரம். விண்ணப்பத்தில் நாள், நேரம், சீட்டு எண் ஆகியவற்றோடு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, சர்க்கரை அளவு ஆகியவை எத்தனை மணிக்குப் பார்க்கப்பட்டன என்ற பதிவையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.