வேலையை மாற்றும் முன் உடம்பைக் கேளுங்கள்

அவருக்கு வயது 46. சென்னையில் ஒரு தனியார் கம்பெனியில் விற்பனைப் பிரிவு மேலாளர். கை நிறையச் சம்பளம். 'போதும் இந்த ஓட்டம். இனிமேலாவது நமக்குப் பிடிச்ச மாதிரி, எளிமையா வாழ்வோம்' என்று ராஜினாமா கொடுத்துவிட்டு, தென்காசிப் பக்கம் சொந்த ஊருக்கு வந்து மரச்செக்கு எண்ணெய் வியாபாரம் தொடங்கினார். எட்டு மாதம் கழித்து மனைவியோடு என் வைத்தியசாலைக்கு வந்தார். நாலு நாளாகத் தலைவலியாம். கஷாயம் வேண்டும் என்றார்.

ரத்த அழுத்தம் பார்த்தேன். 190/120.

"மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?"

"முன்னே சாப்பிட்டேன் டாக்டர். வேலையை விட்டதும் நிறுத்திட்டேன். இப்பத்தான் டென்ஷனே இல்லையே!"

நான் கஷாயம் கொடுக்கவில்லை. ஆட்டோ வரவழைத்து, அந்த நிமிடமே அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தேன். நல்ல காலம், பக்கவாதம் வராமல் தப்பித்தார்.

பிறகு ஒருநாள் ஆற அமர விசாரித்தேன். விடிகாலை நாலரைக்குச் செக்கு ஓடத் தொடங்கும். மதியச் சாப்பாடு மூன்றரைக்கு. ராத்திரி பதினொரு மணி வரை போனில் ஆர்டர். ஞாயிற்றுக்கிழமையும் லீவு இல்லை. ஊர் மாறிவிட்டது, தொழில் மாறிவிட்டது. ஆனால், சென்னையில் ஓடிய அதே ஓட்டத்தை மனிதர் மூட்டை கட்டிக் கையோடு கொண்டு வந்துவிட்டார்!

'பிடிக்காத வேலையை விட்டுவிட்டு மனசுக்குப் பிடித்த மாதிரி வாழலாமா?' என்று யோசிப்பவர்கள் இன்று நிறையப் பேர். யோசிப்பதில் தப்பே இல்லை. அவர்களுக்கு ஒரு வைத்தியனாக நான் சொல்வது: மனசைக் கேட்பது போலவே உடம்பையும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அடக்கக் கூடாத பதினான்கு

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நான் படித்த காலத்தில் மனப்பாடமாகச் சொல்ல வேண்டிய பாடம் ஒன்று உண்டு. பதினான்கு வேகங்கள். அதாவது, உடம்பு தானாகவே எழுப்பும் பதினான்கு உந்துதல்கள். அபான வாயு, தும்மல், சிறுநீர், மலம், கொட்டாவி, பசி, தாகம், இருமல், இளைப்பு, தூக்கம், வாந்தி, கண்ணீர், விந்து, சுவாசம். இவற்றை வலிய அடக்கினால் வாதம், பித்தம், கபம் மூன்றும் தம் அளவிலிருந்து பிறழ்ந்து நோய் வரும் என்பது சித்த மருத்துவத்தின் அடிப்படை.

இப்போது உங்கள் ஆபீஸ் நாளை நினைத்துப் பாருங்கள். காலையில் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் மலத்தை அடக்குகிறீர்கள். கழிப்பறை சரியில்லை என்று தண்ணீர் குடிக்காமலே பொழுதை ஓட்டுகிறீர்கள். மீட்டிங் முடியட்டும் என்று பசியை அடக்குகிறீர்கள். கொட்டாவி வந்தால் ஒரு காபி. மேலதிகாரி திட்டினால் கண்ணீரையும் விழுங்குகிறீர்கள். மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, நெஞ்செரிச்சல், ஒற்றைத் தலைவலி என்று என்னிடம் வருகிறவர்களில் பலருடைய கதை இதுதான்.

நவீன மருத்துவமும் இதைக் கவனித்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிட, 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 35 சதவிகிதம் அதிகம் என்கிறது அது. சொந்தத் தொழில்தானே என்று உடம்பு இதில் சலுகை காட்டாது.

வேலையா? பழக்கமா?

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். பதினான்கும் வேண்டாம். மலம், சிறுநீர், பசி, தாகம், தூக்கம் ஐந்து போதும். ஒரு மாதம், தினமும் படுக்கப் போகும் முன் இன்று எதை அடக்கினேன் என்று குறியுங்கள். பக்கத்திலேயே, அடக்க வைத்தது யார் என்றும் எழுதுங்கள். 'ஆபீஸ்' அல்லது 'நான்'. அவ்வளவுதான்.

ராத்திரி ஷிப்ட், இடத்தைவிட்டு நகர முடியாத வேலை, நினைத்த நேரத்தில் கூப்பிடும் முதலாளி. இதெல்லாம் 'ஆபீஸ்' கணக்கு. நோட்டு முழுக்க இதுவே இருந்தால், வேலையை மாற்றுவது உங்களுக்கு மருந்துதான். தள்ளிப் போடாதீர்கள். ஆனால் பாதி ராத்திரி வரை போனைத் தடவியது, 'இன்னும் ஒரே ஒரு ஃபைல்' என்று சாப்பாட்டைத் தள்ளியது எல்லாம் 'நான்' கணக்கு. அது அதிகமாக இருந்தால் முதலில் மாற வேண்டியது நீங்கள். இல்லாவிட்டால் அடுத்த வேலைக்கும் அது கூடவே வரும்.

நானும் பட்டவன்தான்

இதை ஊருக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. மருந்து தயாரிக்கும் ஓர் நிறுவனத்தில் பல வருடம் சம்பளத்துக்கு இருந்தவன் நான். 41 வயதில் அதை விட்டுவிட்டுச் சொந்தமாக வைத்தியசாலை திறந்தேன். 'சாப்பிடப் போன நேரத்தில் நோயாளி வந்து திரும்பிப் போய்விட்டால்?' என்ற பயத்திலேயே மூன்று மணி வரை பட்டினியாக உட்கார்ந்திருப்பேன். ஆறே மாதத்தில் வயிற்றுப்புண். ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிறவன் எனக்கு நானே மருந்து இடித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் என் மனைவி சாப்பாட்டுக் கேரியரைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டுச் சொன்னாள்: "என்னங்க, அங்கே முதலாளி உங்களைப் பட்டினி போட்டார்னு சொன்னீங்க. இங்கே யாரு போடுறா?"

பதில் சொல்ல முடியவில்லை. மறுநாளே வாசலில் 'மதியம் 1 முதல் 2 வரை உணவு நேரம்' என்று பலகை மாட்டினேன். நோயாளிகள் குறையவில்லை. காத்திருந்தார்கள்.

ஆறு மாத ஒத்திகை

வேலையை விடுவது என்று முடிவானாலும் உடனே விடாதீர்கள். புதிய தொழிலில் மாதம் எவ்வளவு வரும் என்று குறைத்தே கணக்குப் போடுங்கள். இப்போதைய சம்பளத்தில் அந்தத் தொகையை மட்டும் வைத்து ஆறு மாதம் குடும்பம் நடத்துங்கள். மீதியைத் தொடாமல் வங்கியில் போட்டு வாருங்கள். வீட்டுக் கடனும் பிள்ளைகள் படிப்புச் செலவும் அந்தச் சின்னத் தொகைக்குள் அடங்குகிறதா என்று தெரிந்துவிடும். வீட்டில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே பேசிவிட்டுச் செய்யுங்கள். எளிமை உங்களுக்கு மட்டும் ஆசையாகவும் அவர்களுக்குத் தண்டனையாகவும் ஆகிவிடக் கூடாது.

இதே ஆறு மாதத்தில் நாளையும் சீர்படுத்துங்கள். இரவு எட்டு மணிக்குள் சாப்பாடு, பத்து மணிக்குப் படுக்கை, ஒத்துக்கொள்பவர்களுக்கு வாரம் ஒரு எண்ணெய்க் குளியல். வேலையில் இருக்கும்போதே இது கைவந்துவிட்டால் பிறகு கவலையில்லை.

விடும் முன் மறக்கக் கூடாதவை

* ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. மனசு லேசாக இருப்பதால் அழுத்தம் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அளந்து பார்த்து, டாக்டர்தான் குறைக்க வேண்டும். சித்த மருந்து சேர்த்துச் சாப்பிடுவதாக இருந்தால் இரு தரப்பு டாக்டர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

* கம்பெனி தரும் குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். தனியாக எடுக்கும் காப்பீட்டில், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு அதிகபட்சம் 3 வருடம் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். ஆகவே வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்கு ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். இருக்கிற நோயை மறைக்காதீர்கள்.

* வேலையை விட்ட முதல் சில வாரங்களில் தூக்கமும் மலப்போக்கும் தடுமாறலாம். எழும் நேரத்தையும் சாப்பிடும் நேரத்தையும் மட்டும் மாற்றாதீர்கள், படிப்படியாகச் சரியாகும். இரண்டு வாரத்துக்கு மேல் மனச்சோர்வு நீடித்தால் வெட்கப்படாமல் டாக்டரைப் பாருங்கள்.

எண்ணெய்க்காரர் இப்போது ராத்திரி ஏழு மணிக்குக் கடையைச் சாத்திவிடுகிறார். அதற்குப் பிறகு போன் மனைவியின் பீரோவில். மாதம் ஒருமுறை என்னிடம் வந்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு போகிறார். மாத்திரையை விடவில்லை. போன தடவை வந்தபோது, "வியாபாரம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு டாக்டர்" என்றார்.

"தூக்கம்?" என்று கேட்டேன்.

சிரித்துக்கொண்டே அவர் மனைவி பதில் சொன்னார்: "குறட்டைச் சத்தத்துல எனக்குத்தான் தூக்கம் போச்சு!"